இரண்டு தசம் நாலு

செவ்வாய் இரவு விசுவமடுவில் இடி.
புதன் காலை என் மடிக்கணினியில்
டெல்சியா வீட்டு வைஃபை இல்லை.

பட்டியலில் இருந்தவை:
சங்கக் கடையின் பூட்டுப் போட்ட பெயர்,
யாரோ ஒருவரின் அச்சுப்பொறி,
வீதியால் போன பஸ்ஸொன்று,
வந்தது, மங்கியது, போயிற்று.

பாதிக் காசு நான், பாதிக் காசு அவள்.
பதினொரு மாதத்தில் ஒரு நாள் பிந்தியதில்லை.
ஆனால் திங்கள் பின்னேரம்
அவளுடைய மறியாடு வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து
என் பயிற்றங்கொடி ஒரு வரிசையைத் தின்றுவிட்டது.
நான் நாலைந்து சொல் சொன்னேன்.
அதில் ஒன்று ஆட்டைப் பற்றியதல்ல.

ஆகவே கணக்குச் சரி என்று நினைத்தேன்.
கொடிக்கு வைஃபை.

கேட்கப் போகவில்லை.
கொழும்புக் கம்பனியின் பற்றுச்சீட்டுகளை
போன் டேட்டாவில் சொட்டுச் சொட்டாய் ஏற்றினேன்
நள்ளிரவுக்குப் பிறகு, மலிவான நேரத்தில்.
"வேலி காணாதெண்டு காத்தையும் அடைச்சுப்போட்டாள்"
என்று தம்பிக்குக் குரல்பதிவு அனுப்பினேன்.
போய்ச்சேர ஆறு நிமிடம்.
வெள்ளி, டேட்டாவும் முடிந்தது.

சனி பின்னேரம்
மிஞ்சிய கொடிகளுக்குத் தண்ணீர் விடப் போனேன்.
ஆடு புகுந்த பொட்டடியில் நின்றபோது
சட்டைப் பைக்குள் போன் துள்ளியது.
ஒன்று. மூன்று. பதினேழு.

பார்த்தேன்.
சூசையப்பர்வீடு, அதே பெயர்.
அதே கடவுச்சொல்,
நான் வைத்தது, என் மகள் பிறந்த திகதி.

ஓடிப்போய் மடிக்கணினியைத் தூக்கி வந்து
கவிழ்த்த வாளியில் வைத்தேன்.
சங்கக் கடை. அச்சுப்பொறி.
சூசையப்பர் இல்லை.

வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து
போனில் தேடித் தேடி வாசித்தேன்.
வவுனியாவில் மூன்றாம் கையாய் வாங்கிய பெட்டி.
அதற்குள் இருக்கும் அட்டைக்கு
ஒரேயொரு அலைவரிசைதான் கேட்கும்.
ஐந்தில் எவ்வளவு கத்தினாலும்
அது பேசாமல் சங்கக் கடையையே காட்டிக்கொண்டிருக்கும்.

நாலு நாள்
கேளாத காது ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு
அடுத்த வீட்டு வாயைத் திட்டியிருக்கிறேன்.

"டெல்சியா!"
ஐந்து நாளில் முதற்சொல்.
"இரண்டு தசம் நாலைப் போட்டுவிடு!"
கிணற்றடியிலிருந்து பதில் வந்தது:
"அதென்ன, மருந்தே?"

ஈரக் கையோடு பொட்டுக்குள்ளால் வந்தாள்.
"பழசு இடியில எரிஞ்சு போச்சு.
கிளிநொச்சிப் பெடியன் வந்து புதுசு பூட்டினவன்,
ஐஞ்சுதான் வேகமெண்டு அதை மட்டும் விட்டவன்.
உனக்கு வராமல் போயிடுமெண்டு
பழைய பாஸ்வேர்டையே போடுவிச்சனான்.
நீ ஒண்டும் கேக்கேல்லை.
கோவமாக்குமெண்டு இருந்திட்டன்."

அவள் அடுப்படியில், ரூட்டரின் பக்கம் திறந்தது.
மேல் வரியில் சரிக்குறி.
கீழ் வரியில் வெறும் பெட்டி.
விரலால் தொட்டேன்.
விளக்குகள் எல்லாம் அணைந்தன,
இருவரும் மூச்சுவிடவில்லை,
ஒவ்வொன்றாய் எரிந்தன.

என் அறைக்குத் திரும்பினேன்.
அவள் சுவர், முருங்கை, என் சுவர்,
எல்லாம் தாண்டி இரண்டு கோடு.
ஐந்து இவ்வளவு தூரம் வராது;
அதற்குச் சுவர் ஆகாது.

புது ரூட்டருக்கு என் பாதி எவ்வளவென்று
செய்தி அனுப்பினேன்.
உடனே போய்ச் சேர்ந்தது.
பதிலும் உடனே:
"கொடிக்குக் கழிச்சுப்போட்டுத் தா."