மூன்றாவது கரண்டி

லிஜி ஐந்து இருபது பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.
புனலூர் ஆஸ்பத்திரியில் இந்த வாரம் பகல் டியூட்டி.
வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:
"அவ தோசை தொட மாட்டா. ஏதாவது பாருங்க."

ஏதாவது என்பது
அரை பாக்கெட் பிரெட்,
மூன்று முட்டை,
நேற்று காய்ச்சிய பாலில் மிச்சம் ஒரு டம்ளர்.
புளியரையில் ஆனி மாதச் சாரல்
மூடிய டப்பாவுக்குள்ளும் பெய்கிறது.
கட்டிபட்ட சர்க்கரையைக்
கரண்டிக் காம்பால் குத்தி உடைக்கிறேன்.

அவள் இந்த வீட்டுக்கு வந்து பதினேழு நாள்.
அனகா இன்னும் என்னை எதுவும் கூப்பிடவில்லை.
தண்ணீர் வேண்டுமென்றால் மேஜையில் இரண்டு தட்டு.
மோட்டாரை நிறுத்தச் சொல்ல மூன்று.
குறையாகச் சொல்லவில்லை.
எனக்கு என்ன பெயர் பொருந்தும் என்று
நானே ஒரு முடிவுக்கு வரவில்லை.

முட்டை உடைத்ததில் ஓட்டுச் சில்லு ஒன்று விழுகிறது.
விரலால் துரத்தினால்
வழுக்கி வழுக்கிக் கிண்ணத்தைச் சுற்றி ஓடுகிறது.
நிலைப்படியில் நின்று பார்க்கிறாள்,
உதட்டோரம் பற்பசை நுரையோடு,
உள்ளே வராமல்.

லாரி எடை மேடையில் வேலை எனக்கு.
வைக்கோல் லாரி, காய்கறி லாரி, சிமெண்ட் லாரி,
மலை ஏறப்போகும் எதையும்
கிலோ பிசகாமல் சொல்லிவிடுவேன்.
பதினொரு வயதுப் பிள்ளைக்குச் சர்க்கரை எத்தனை கரண்டி?
ஒன்று.
இரண்டு.
மூன்றாவது கரண்டி கிண்ணத்துக்கு மேலே நிற்கையில்
"மதி."

சன்னலைப் பார்த்தேன்.
மேகம்தான் இருந்தது. மலையையே காணவில்லை.
லிஜி தினமும் சொல்கிற சொல்தான்,
சாம்பார் ஊற்றும்போது, சண்டையின்போது.
ஆனாலும் இவள் வாயிலிருந்து வந்ததும்
பள்ளிக்கூடத்துச் செய்யுள் மதி முந்திக்கொண்டது.
"மதி, மதி" என்று
ஓடிவந்து கரண்டியைப் பிடித்தாள்.
சரி. போதும்.

"ஏலக்கா?"
இல்லை என்றேன்.
அம்மாவின் பெட்டியைக் கிளறி
இரண்டு காய் கொண்டுவந்து
டம்ளர் அடியால் நசுக்கினாள்.
"ஞங்களுடெ வீட்டில் ஏலக்கா இடும்."
எந்த வீடு என்று நான் கேட்கவில்லை.

"இது பாம்பே டோஸ்ட்," என்றேன், ஏதாவது பேச வேண்டுமே.
"அல்ல. முட்ட பிரெட்."
பம்பாயை நான் பார்த்ததில்லை.
அதனால் விட்டுக்கொடுத்தேன்.

முதல் துண்டு அதிகம் ஊறி
பாதி என் கையில், பாதி கிண்ணத்தில்.
இரண்டாவது அடிப்பக்கம் கருகி
சட்டி முழுக்கப் புகை.
ஒன்றும் சொல்லாமல் எட்டி
அடுப்பின் திருகைத் தணித்தாள்.
மூன்றாவது
ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று,
ஏலக்காய் வாசனையோடு
தட்டில் விழுந்தது.
என் முகத்தை அப்போது அவள் பார்த்திருக்கக் கூடாது.
பார்த்துவிட்டாள். சிரிப்பை அடக்கி
பிரெட்டை வாயில் திணித்துக்கொண்டாள்.

கருகியதை நான் தின்றேன்.
நல்லதையெல்லாம் அவள்.
ஐந்தாவது முடிந்து விரல் நக்கும்போது
"மதியா?" என்று கேட்டேன்,
அவள் சொல்லை அவளுக்கே பரிமாறுகிற மாதிரி.

"மதியாயில்ல."

பாக்கெட்டில் மிச்சம்
தலைத் துண்டும் வால் துண்டும் மட்டும்.
அடுத்த வீட்டு ஆட்டுக்கு லிஜி எடுத்துவைப்பது.
கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் முட்டைப்பால்,
அந்த ஓட்டுச் சில்லும் அதிலேயே எங்கோ.
இரண்டையும் போட்டு அமுக்கினேன்.
தடித்த தோல், ஊற நேரமாகும் என்றேன்.

"சாரமில்ல," என்றாள்,
அடுக்களை மேடைமேல் ஏறி உட்கார்ந்து
காலை ஆட்டியபடி.

இந்த முறை எனக்குச் சரியாகவே கேட்டது.
அடுப்பை இன்னும் சிறிதாக்கினேன்.