பதினெட்டு சதுரடி

வண்ணார்பேட்டை பைபாசில் ஏசி போட்ட கடை.
செருப்பைக் கழற்றவா என்றேன்.
வேண்டாம்க்கா என்றான் மாசானம்.
தரையே விற்பனைக்கு இருக்கிற இடத்தில்
எங்கே மிதிக்க?

அடுப்புக்குப் பின்னால், மேடைக்கு மேலே,
நீளம் ஒன்பது, உயரம் ரெண்டு.
அவ்வளவுதான் கேட்டேன்.
அவன் சுவர் சுவராகத் திருப்பினான்
காலண்டர் தாள் மாதிரி.

யாரும் குடிக்காத காப்பிக் கோப்பையில்
ஆவி பறந்துகொண்டே இருக்கிறது.
அப்புறம் ஸ்ட்ராபெரி. திராட்சைக் கொத்து.
இதுதாங்க்கா இப்ப ஓடுது என்றான்.

ஷார்ஜாவிலிருந்து அவிய போனில் பார்த்தாவ.
வெள்ளை எடு, பளிச்சுன்னு இருக்கும்.
வருசத்துக்கு முப்பது நாள்
தட்டோடு வந்து நிற்கிற கண்ணுக்குப்
பளிச்சென்றுதான் இருக்கும்.

பையிலிருந்து டப்பாவை எடுத்தேன்.
நேற்று வைத்த புளிமிளகாய்,
எண்ணெய் தெளிந்து மேலே நின்றது.
விரலில் தொட்டு
பத்து டைலுக்கும் ஆளுக்கொரு பொட்டு.
மாசானம் முதலாளியைப் பார்த்தான்.
முதலாளி சீலிங்கைப் பார்த்தார்.

காய்கிற வரை உட்கார்ந்திருந்தோம்,
பொட்டு வைத்த பத்துப் பேரும் நானும்.
பெண் பார்க்கிற வீடு மாதிரிதான்.
இந்தத் தடவை சோபா எனக்கு.

துடைத்தேன், வெறும் ஈரத்துணி.
சொரசொரப்புக் கல் மஞ்சளை விடவில்லை.
பூப்போட்டது இடுக்கில் ஒளித்துக்கொண்டது.
வெள்ளை சுத்தமாக விட்டுவிட்டது.
அதைப் போனில் சொல்லவில்லை.

பச்சையும் விட்டது.
பிசானத்து நாற்று தலைதூக்குகிற பச்சை.
வெயிலில் பாருங்க என்று வெளியே கொண்டுபோனான்,
அங்கே அது நீலம் மாதிரி இருந்தது.
உள்ளே கொண்டு வா தம்பி,
நான் பார்க்கப் போவது
காலை அஞ்சு மணி டியூப்லைட்டில்.

சதுரடி அறுபத்திரெண்டு.
பெட்டிக்கு ஆறு, கடைசி ரெண்டு பெட்டி,
கணக்குக்குச் சரியாகப் பன்னிரண்டு.
ஒன்று குறையாமல் வீடு சேருமா?
குலவணிகர்புரம் கேட்டில்
லோடு ஆட்டோ ஏறி இறங்கியபோது
உள்ளே ஒரு சத்தம்.

கொத்தனார் நம்பி உடைந்ததைத் தூக்கிக் காட்டினார்.
இந்தக் கலர் தீர்ந்துபோச்சாம்,
வெள்ளை ஒண்ணு வேணா தாரேங்கான்.
எங்க வைக்க?

மிக்சிக்குப் பின்னால என்றேன்.

ஆவணியில் அவிய வருதாவ.
மிக்சியை நகத்திப் பார்க்கிற ஆளில்லை.