ரெண்டு மணிக்கு யாரு எழும்புவா

வீ.கே.புரத்தில் அன்றைக்கு வெயில் ஆளை உரித்தது.
வெல்டிங் பட்டறைச் சொரிமுத்து
கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டான்:
"வீட்டச் சூடாக்கவா?
என்னவே, கோட்டி கீட்டி பிடிச்சிட்டா ஒமக்கு?"
கேட்டுவிட்டு மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மேலே, நாலுமுக்குக்கும் அப்பால்,
மழை அளக்கிற எங்கள் வீட்டில்
துவைத்த கம்பளி காய ஒன்பது நாள் என்பதை
அவனிடம் எப்படிச் சொல்ல.
போன ஆனியில் மின்கம்பம் சாய்ந்தது.
யானை என்கிறார்கள், காற்று என்கிறார்கள்.
யாராக இருந்தாலும் கம்பம் இன்னும் படுத்தேதான் கிடக்கிறது.
கூரையில் சோலார் தகடு உண்டு.
ஐப்பசி முழுக்க அது மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
ஒரு பல்புக்கும் ஒரு ரேடியோவுக்கும் கஞ்சி ஊற்றும்.

அதனால் விறகு.
விறகுதான் என்று தீர்ந்த பிறகு
எந்த அடுப்பு என்று சண்டை.

நான் பீப்பாய்க் கட்சி.
தார் வந்த இருநூறு லிட்டர் பீப்பாய்,
வயிற்றில் ஒரு கதவு, முதுகில் ஒரு புகைக்குழல்,
மூட்டிய கால்மணி நேரத்தில் அறை கணகணவென்று ஆகும்.
நாலாயிரம் ரூபாய். ஜீப்பில் ஏறும்.
சலோமி செங்கல் கட்சி.
செங்கல் முந்நூறு, களிமண், ஆற்றுமணல்.
புகை நேரே மேலே ஓடாமல்
சுவருக்குள் மூன்று முறை திரும்பி நடந்து
மடியிலிருந்த சூட்டையெல்லாம் கொடுத்துவிட்டு
வெறுங்கையோடு வெளியேறுகிற அடுப்பு.
"சூடேற மூணு மணி நேரமாகுமே."
"ஆவட்டும். ஏறுனது விடியுமட்டும் எறங்காது.
ஒம்ம பீப்பா ரெண்டு மணிக்குச் செத்துரும்.
யாரு எழும்பி வெறகு போடுவா?"

நான் பேசவில்லை.
ஒன்பது வருடக் குடித்தனத்தில்
இரண்டு மணிக்கு எழுந்தது யார் என்ற கணக்கு
மழைப் பதிவேட்டில் இல்லை.

விறகிலும் வம்பு.
வெட்டக்கூடாது, விழுந்ததைப் பொறுக்கவும் சீட்டு வேண்டும்.
சில்வர் ஓக் பொசுக்கென்று எரிந்து போகும்.
யூகலிப்டஸ் மணக்கும், குழலுக்குள் தாராக ஒட்டும்.
தேயிலை வேர் நின்று எரியும், பிளக்கிறவன் முதுகைக் கேட்கும்.
எதுவானாலும், பச்சை விறகு தீயை ஏமாற்றும்,
தன் தண்ணீரைக் காய்ச்சவே பாதியைத் தின்றுவிடும்.
இரண்டு கட்டையை மோதிப் பார்ப்பாள் சலோமி.
'தொப்' என்றால் வெளியே.
'ணங்' என்றால் உள்ளே.
இந்த மழையில் ஒரு கட்டை 'ணங்' என்று சொல்ல
ஒன்றரை வருடம்.

"ஆளில்லாத லயத்துல கதவு கெடக்கே,
எலும்பாக் காஞ்சது," என்றான் ஜீப் ஓட்டுகிற அந்தோணிப்பிச்சை.
உண்மைதான். தட்டிப் பார்த்தோம்,
எல்லாமே 'ணங்'.
ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் எண்: 9, 17, 22.
சலோமி ஆறு கதவுகளைத் தூக்கிவரச் சொன்னாள்.
எரிக்கவில்லை.
கட்டைகள் நனையாதிருக்க
விறகுக் கொட்டகைக்கு அவற்றைச் சுவராக நிறுத்தினாள்,
எண்கள் வெளியே பார்க்கும்படி.

கடைசியில் பீப்பாய்தான் வந்தது.
நான் ஜெயித்ததால் இல்லை.
பாதையில் மண் சரிந்து
முந்நூறு செங்கல் கீழேயே நின்றுவிட்டது.
மணிமுத்தாறு சோதனைச்சாவடியில்
பீப்பாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தார்கள்,
"சும்மாதானே இருக்கு?" என்று கேட்டுத் திறந்துவிட்டார்கள்.
பெயிண்ட் நாற்றம் போக முதல் தீயை முற்றத்தில் போட்டோம்.
இரண்டாம் தீ வீட்டுக்குள்.

ஒன்பது மணிக்குச் சட்டையைக் கழற்றினேன்.
பதினொன்றுக்குப் போர்வையை உதைத்தேன்.
ஒன்றரைக்குத் தகரம் சுருங்குகிற சத்தம்,
டிக், டிக்,
யாரோ விரலில் சொடக்குப் போடுவதுபோல.
இரண்டுக்கு அதுவும் நின்றது.

சலோமி மூச்சை மெதுவாக விட்டாள்.
தூங்குகிறவள் மூச்சு அவ்வளவு ஒழுங்காக இருக்காது.
நானும் ஒழுங்காக விட்டுக்கொண்டிருந்தேன்.
ஓட்டின்மேல் மழை.
குளிர் முதலில் மூக்குக்கு வந்தது, பிறகு காலுக்கு.
அவள் கால் என் காலைத் தேடி வந்து
அதுவும் ஐஸ்தான் என்று கண்டு
அங்கேயே இருந்தது.

காலை எட்டரைக்கு மழைமானியில்
நூற்று நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்.
அவள்தான் எழுதினாள்.
ஓரத்தில், பென்சிலில்:
செங்கல் 300.