மீன்பெட்டி மூடி

குல்மார்க் போய்வந்து பதினோரு மாதம்.
இன்னும் தீரவில்லை எங்கள் வழக்கு.

தம்பி அங்கே ராணுவத்தில் சமையல்.
வாடகைக் கடை வாசலில் நிறுத்தி
"எது வேணும்?" என்றான்.
என் வீட்டுக்காரர் உறங்காப்புலி
நீளப் பலகை இரண்டை எடுத்தார்.
நான், சுளகு மாதிரி இருந்த அகலச் செருப்பை.

பலகைக்கு அடியில் ரோமப் பட்டை ஒட்டினார்கள்.
ஆட்டு முதுகைத் தடவுவதுபோல,
ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் பிடிக்கும்.
இரண்டு மணி நேரம் அதிலே ஏறி
பட்டையை உரித்துச் சட்டைக்குள் திணித்து
ஒரே மூச்சில் இறங்கினார்.
ஏறியது கடன், இறங்கியது வட்டியோடு வசூல் என்று
இப்போதும் டீக்கடையில் கையைச் சாய்த்துக் காட்டுவார்.
மூன்று தடவை விழுந்ததைச் சொல்வதில்லை.

எனக்கு ஏற்றமும் இறக்கமும் ஒரே நடை.
கால் அகட்டி, பிள்ளைத்தாய்ச்சி போல.
பைன் மரத்தடியில் முயல் தடம் திரும்பியது,
நானும் திரும்பினேன்.
"மலை மேல போயும் நடந்தா வருவ?" என்றார்.

தை பிறந்து பத்தாம் நாள், வாலிநோக்கம்.
உப்பளத்துக்குப் பின்னால் கடல் வாங்கி
சேறு வெளியே கிடந்தது.
தூரத்தில் பூநாரைகள், நூறு இருக்கும்.
தெர்மாகோல் மீன்பெட்டி மூடி இரண்டை
வலைக்கயிற்றால் காலில் கட்டிக்கொண்டேன்.
அவருக்கு உடைந்த வத்தையின் பலகை:
ஒரு முழங்கால் அதன்மேல், மறுகால் துடுப்பு.

சர்ரென்று போனார்.
வெளுப்புக்குள் ஒளித்த சிவப்பைக் காட்டி
அத்தனையும் எழுந்துவிட்டன.
சேற்று நடுவில் அவர் மட்டும், கைதட்டியபடி.

நான் பாதி வழியில் நின்றுவிட்டேன்.
கொஞ்சம் பொறுத்து என் பக்கமாக இறங்கின.
ஒன்று காலைத் தூக்கியது.
விரல்களுக்கு இடையே தோல்.
பிறக்கும்போதே கட்டிக்கொண்டு வந்த செருப்பு.
அவரைக் கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை.

இடது மூடி படக்கென்று உடைந்தது.
தொடை வரைக்கும் சேறு.
பலகையோடு வந்தார், ஒன்றும் சொல்லவில்லை,
ஏறு என்று தலையை மட்டும் ஆட்டினார்.
கரைக்குச் சீக்கிரம்தான் வந்தோம். ஒப்புக்கொள்கிறேன்.

ராத்திரி எண்ணெய் தேய்க்கும்போது
குல்மார்க்கில் வலித்த அதே இடம் வலித்தது.
விளக்கை அணைத்து வெகுநேரம் ஆகியிருந்தது.
"ஐஸ் கம்பெனில இன்னும் ரெண்டு மூடி கிடைக்குமா?"
என்றார் உறங்காப்புலி,
சுவரைப் பார்த்துப் படுத்தபடி.