முந்நூற்று நாற்பத்தேழு

தாளில் முந்நூறு என்றிருக்கிறது.
மீட்டரில் முந்நூற்று நாற்பத்தேழு.
ஆனாலும் தயாளன் கோவெண்டரின் ஆம்ப்
சாட்ஸ்வொர்த் கல்யாண ஹால்களில்
ஒன்பது வருடமாகக் கத்திக்கொண்டுதான் இருக்கிறது.

"அப்போ தாள் பொய்யா, சலாச்சி?"

பொய்யில்லை.
எழுதியவன் எந்த ஊர்க் கரண்டையும் நம்பாதவன்.
ஏறும், இறங்கும் என்று தெரிந்து
எண்ணுக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறான்.
எவ்வளவு என்று எழுதவில்லை.
அந்த இடத்தில்தான் நீ குடியிருக்கிறாய்,
வாடகை இல்லாமல்.

கறுப்பு முனையைச் சேஸியில் வைத்து அளப்பது நம் பழக்கம்.
வால்வுக்குச் சேஸி தெரியாது.
தன் கேத்தோடிலிருந்துதான் அது உயரம் பார்க்கும்.
பதினொன்றைக் கழித்தேன்.
முந்நூற்று முப்பத்தாறு.
தயாளன் ஏதோ கடன் தள்ளுபடியானதுபோல் உட்கார்ந்தான்.

உயரம் மட்டும் கொல்வதில்லை, கேள்,
உயரத்தை ஓட்டத்தால் பெருக்கு,
பன்னிரண்டு வாட்டுக்கு மேல் போனால்
தகடு சிவக்கும். இருட்டில்தான் தெரியும்
என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே
லோட் ஷெடிங்.

இரண்டரை மணி நேரம்
காஸ் அடுப்பு வெளிச்சத்தில் டீ, ரஸ்க்,
அவன் தங்கை மைத்துனனை விட்டுப் போன கதை.
ஆம்ப்பின் சுவிட்சை யாரும் அணைக்கவில்லை.

திரும்பி வந்த கரண்ட்
இருநூற்று ஐம்பத்தொன்றாக வந்தது.
ஃப்ரிட்ஜ் கனைத்தது.
விளக்கைப் போட எழுந்தவள் நின்றுவிட்டேன்:
இடது வால்வுக்குள்
பட்டாணி அளவு சிவப்பு,
பார்க்கப் பார்க்க அவரை விதை அளவு.

பிளக்கைப் பிடுங்கினேன்.
நூற்று முப்பது ஓம் இருந்த இடத்தில்
நூற்றெண்பது வைத்தேன்.
"சத்தம் குறைஞ்சிடுமே."
உன் காதுக்குத் தெரியாது, போ.

சனிக்கிழமை ராத்திரி ஷால்கிராஸிலிருந்து போன்.
ஸ்பீக்கர் வயரை யாரோ காலால் இடறிவிட்டார்களாம்,
சத்தம் வரவில்லையே என்று
இவன் வால்யூமைக் கடைசிவரை திருப்பியிருக்கிறான்.

ஓங்கி ஒரு தந்தியை அடித்தால்
தகடு சப்ளையைத் தாண்டி, ஏறக்குறைய இரட்டிப்புக்கு எகிறும்;
வாங்கிக்கொள்ள ஸ்பீக்கர் இருக்கும்வரை அது கணக்கில் அடங்கும்.
வாங்க ஆளில்லாதபோது எத்தனை வோல்ட்?
என் மீட்டர் அங்கே இல்லை.
இருந்தாலும் சொல்லியிருக்காது.

ஞாயிறு காலை பின்மூடியைக் கழற்றினேன்.
ஏழாம் காலிலிருந்து ஐந்தாம் காலுக்கு
பென்சிலால் கிழித்ததுபோல் ஒரு கரிக்கோடு.
வால்வுகளை டெஸ்டரில் போட்டேன்,
இரண்டும் நன்றாக இருந்தன.

சாக்கெட்டை மட்டும் மாற்றினேன்.
அறுபது ராண்ட்.
அதற்கு எத்தனை வோல்ட் தாங்கும் என்று
நான் எந்தத் தாளிலும் தேடியதில்லை.