குச்சி விட்டுப் பார்த்தல்

எங்கள் தெருவுக்கு
நாலு நாளைக்கு ஒருமுறை மேட்டூர்த் தண்ணி.
சில வாரம் ஆறு.
அம்மாபேட்டைக்கு வாக்கப்பட்டு வந்ததிலிருந்தே
எனக்கு இந்தக் கணக்கு தெரியும்:
நீல டிரம்மில் குச்சி விட்டு
நனைந்த இடத்தில் விரலை வைத்து
எந்தப் பாத்திரம் இன்றைக்கு, எந்தப் புடவை நாளைக்கு
என்று பிரிக்கிற கணக்கு.

உடம்புக்கும் அதே கணக்குதான் என்று தெரிய
எட்டு வருஷம் ஆனது.

இடுப்பில் தொடங்கும்.
தொடங்குகிற இடம் மட்டும்தான் தெரியும்.
ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார் ஒருவர்.
அந்த ஒன்றுமில்லையைப் பெரிய உறையில் போட்டு
ஆறாயிரம் ரூபாய்க்குக் கொடுத்தார்கள்.
இன்னும் அலமாரியில் இருக்கிறது,
கல்யாண ஆல்பத்துக்குக் கீழே.

பெரியாஸ்பத்திரியில் ஜெசிந்தா என்று ஒரு பிசியோ.
சின்னப் பெண். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவாள்.
"எவ்வளவு நேரம் நின்னா வலிக்குது?"
"முப்பது நிமிஷம்."
"அப்ப இருபதுலயே உட்காருங்க."
"இருபதுல வலிக்காதே."
"அதனாலதான்."

எனக்குக் கோபம் வந்தது.
வலிக்காதபோது உட்காருகிறவளுக்கு
எங்கள் வீட்டில் என்ன பெயர் என்று
அவளுக்குத் தெரியாது.

கார்த்திகையில் ஒரு காலை. மழை விட்டிருந்தது.
எழுந்தால், உடம்பு
வேறு யாருடையதோ போல லேசாக இருந்தது.
குழாயிலும் தண்ணி.
விடுவேனா?
ஐந்து போர்வை, இரண்டு ஜன்னல் திரை,
செங்கோடனின் பட்டறைச் சட்டைகள்
அத்தனையும் அடித்துத் துவைத்து
பதினேழு படியும் ஏறி மொட்டைமாடியில் உதறினேன்.
சேர்வராயன் மலை
கைக்கெட்டும் தூரத்தில் நின்றது.
ஏதோ ஒரு வண்டிக் கண்ணாடி
மலைப்பாதையில் மின்னி மறைந்தது.
அந்த மலையையும் துவைத்துக்
காயப்போட்டுவிடலாம் போல இருந்தது.

மறுநாள், அதற்கு மறுநாள், அதற்கும் மறுநாள்
படுத்த இடத்திலிருந்து பார்த்த சுவரில்
ஒரு பல்லி மட்டும்
தன் வேலையை அளவாகச் செய்துகொண்டிருந்தது.
போர்வைகளை எடுத்து மடித்துத் தந்தவள்
பக்கத்து வீட்டுத் தில்லைக்கரசி.
"அன்னிக்கு ஓடியாடி நல்லாத்தானே இருந்தே?"
அதற்குப் பதில் இருந்தது.
சொல்ல உட்கார வேண்டும்.

முழு டிரம்மையும் ஒரே நாளில் கவிழ்த்தவளை
எங்கள் தெருவில் என்ன சொல்வோமோ
அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது போனில் மணி வைத்திருக்கிறேன்.
அடித்தால் உட்கார்ந்துவிடுவேன், அடுப்படியிலேயே,
சாயம்போன பிளாஸ்டிக் ஸ்டூலில்.
கல்லில் தோசை பாதி வெந்திருந்தால்
செங்கோடன் வந்து திருப்புவார்.
பிய்த்துத்தான் எடுப்பார்.
பிய்ந்ததும் தோசைதான்.

வாசலைப் பாதிதான் கூட்டுகிறேன்.
மீதி, மாலைக்கு.
சில நாள் நாளைக்கு.
சில நாள் காற்றுக்கு.
நடுவில் கோடு போட்டதுபோல் தெரியும்.
ஊரிலிருந்து வந்த சின்ன மாமியார்
கூட்டாத பாதியில் மட்டும் கால்வைத்து
உள்ளே வந்தார். காபி கேட்டார்.
மணி அடிக்க ஆறு நிமிஷம் இருந்தது. கொடுத்தேன்.

கெட்ட நாளிலும் மணி உண்டு.
அது வேறு மாதிரி:
ஐந்து நிமிஷமாவது எழுந்திரு என்று.
செம்பருத்தித் தொட்டி வரைக்கும் போய்த் திரும்புவேன்.
அதில் பூவெல்லாம் இல்லை.
போனதுதான் கணக்கு.

"வலி குறைஞ்சிருக்கா?" ஜெசிந்தா கேட்டாள்.
"இல்லை."
அவள் எழுதிக்கொண்டாள்.
"ஆனா இந்த மாசம்
ஒரு நாள்கூட முழுசாப் படுக்கலை."
பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.
கைக்கடிகாரத்தை மறந்துவிட்டாள்.

நேற்று மறுபடியும் ஒரு லேசான காலை.
தண்ணி வந்தது. போர்வைகள் அழுக்கு.
ஒன்றே ஒன்றை எடுத்தேன்.
மணி அடித்த பிறகும் கை கேட்டது,
இன்னொன்று, இன்னும் ஒன்றே ஒன்று.
அதட்டி மடியில் வைத்துக்கொண்டு
மாடிப்படியில் பத்தாவது படியில் உட்கார்ந்தேன்.

அங்கிருந்து பார்த்தால்
எதிர்வீட்டுச் சுவருக்குப் பின்னே
மலை பாதிதான் தெரிகிறது.
மேல் பாதி.