நண்பகல் பன்னிரண்டு, லா பாஸ்

ஜனவரி இருபத்து நான்கு.
மழை இப்போதைக்கு மலைக்குப் பின்னால் நிற்கிறது.
என் கடை நாலடிப் பலகை, மேலே நீலத் தார்ப்பாய்.
எல்லாம் இருக்கிறது, கட்டைவிரல் அளவில்:
மூன்று மாடி வீடு, மொட்டைமாடித் தொட்டியோடு.
சிமெண்ட் மூட்டை. சர்க்கரை மூட்டை.
நகத்தால் எண்ண வேண்டிய டாலர் கட்டு.
வக்கீல் பட்டம், பாஸ்போர்ட், கல்யாணப் பத்திரம்,
அதற்குப் பக்கத்திலேயே விவாகரத்துப் பத்திரம்.
ஒரே அச்சகம், ஒரே விலை.

இன்று உச்சிவேளையில் வாங்கினால்
வருஷம் முடிவதற்குள் வளர்ந்து வந்து சேருமாம்.
அலசிதா என்று திருவிழாவுக்குப் பெயர்.
எங்கள் ஐமாராவில் அது, 'என்னை வாங்கிக்கொள்'.
யார் யாரிடம் சொல்வது?
வீடு மனிதனிடமா, மனிதன் வீட்டிடமா?
இருபத்தாறு வருஷமாக விற்கிறேன்,
இன்னும் பிடிபடவில்லை.

பதினொன்றரைக்கு அனிசெத்தோ வருவான், மினிபஸ் ஓட்டுகிறவன்.
முதல் வருஷம் செங்கல் கேட்டான், ஒரு கைப்பிடி.
மறுவருஷம் வீடு.
வந்துவிட்டது, எல் ஆல்தோவில், பாதிச் சுவர் பூசாமல்.
பிறகு இரும்புக் கதவு.
கதவுக்குப் பூட்டு.
பூட்டை நம்பாமல் ஒரு நாய்.
போன வருஷம் வந்து நெடுநேரம் நின்றான்,
எதையும் தொடவில்லை.
"செங்கல் இருக்கிறதா, காசேரா?"
எதற்கென்று கேட்கவில்லை நான்.
சட்டைப்பையில் போட்டுக் குலுக்கிப் பார்த்தான்,
அந்தச் சத்தத்துக்குச் சிரித்தான்.

ருஃபீனாவும் புருஷனும் சேர்ந்தே வருவார்கள்.
அவள் இரட்டைக் கட்டில் வாங்குவாள்.
அவன் சில்லறை வாங்குகிற சாக்கில் பின்தங்கி
விவாகரத்துப் பத்திரத்தை மடித்துத் தொப்பிக்குள் செருகுவான்.
பதினோரு வருஷம்.
பூசாரி இரண்டுக்கும் ஒரே புகை காட்டி
மஞ்சள் இதழும் சாராயமும் தெளிக்கிறார்.
புகைக்குக் கண் இல்லை போலும்.
அடுத்த ஜனவரியில் மறுபடி என் முன்னால் இருவரும்,
ஒரே குடையில்.

ஆசை மலையளவு என்கிறார்கள்.
கையில் எடுத்துக் கொடுக்கிறவள் சொல்கிறேன்,
தீப்பெட்டி ஒன்றில் மூன்று வைக்கலாம்.
இடத்தை அடைப்பதெல்லாம்
கிடைத்த பிறகுதான்.

இன்று புதிதாக ஒருத்தி.
"தூக்கம் வைத்திருக்கிறீர்களா?"
தலையணை காட்டினேன். இருக்கிறது என்றாள்.
மாத்திரை டப்பா காட்டினேன். அதுவும்.
பலகைக்கு அடியில் துழாவி
வங்கிக் கடன் தீர்ந்த ரசீது ஒன்றை எடுத்து நீட்டினேன்.
வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்,
முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று.

மணி அடிக்கிறது.
எல்லாக் கைகளும் ஒன்றாக நீள்கின்றன.
விரல்களுக்கிடையில் வீடு, விரல்களுக்கிடையில் லாரி.
எல்லாருக்கும் வாய்த்த இந்த ஒரு நிமிஷத்தில்தான்
நான் சில்லறை எண்ணுகிறேன்.
இருபத்தாறு உச்சிவேளைகள்.
எனக்கென்று ஒரு செங்கல் வாங்கியதில்லை.

ஆனால் என் ஏப்ரன் பையில் ஒரு பெட்டி இருக்கிறது.
மூன்று வருஷத்துக்கு முன் யூதாலியா என்ற பெண்
மாட்ரிட் போக வேண்டுமென்று வாங்கினாள்.
காசு கொடுத்தாள்,
நெரிசலில் பெட்டியை விட்டுப் போனாள்.
கூப்பிட்டேன். அன்றைக்கு யார் பெயர் யார் காதில் விழும்?
போய்விட்டாளோ, பெட்டியில்லாமல் நின்றுவிட்டாளோ.
விற்றுப்போன பொருள், திரும்ப விற்க முடியாது.
என்னுடையதும் அல்ல.
இருந்தும் புகை என் பக்கம் வரும்போதெல்லாம்
பையின் வாயைக் கொஞ்சம் விரித்துப் பிடிக்கிறேன்.

இன்றைக்கு நகத்தால் நெம்பித் திறந்தேன்.
உள்ளே ஒன்றுமில்லை.
ஒரு சட்டை கொள்ளும், மடித்தால் இரண்டு.
எதை வைப்பேன் என்று யோசிக்கத் தொடங்கியபோது
தார்ப்பாயில் முதல் துளிகள்.
"காசேரா, அந்த லாரி எவ்வளவு?"
சிவப்பா பச்சையா என்று கேட்கிறேன்,
பையில் பெட்டி திறந்தே கிடக்கிறது.